புத்தகத்தில் 100, பெங்களூரில் 97

தண்ணீர் எத்தனை டிகிரியில் கொதிக்கும்? நூறு என்று எந்தக் குழந்தையும் சொல்லிவிடும். ஆனால் பெங்களூரில் ஒரு பாத்திரம் தண்ணீரைக் கொதிக்கவிட்டு வெப்பமானியை உள்ளே பிடித்துப் பாருங்கள். 97-ஐ ஒட்டி நின்றுவிடும். அடுப்பை எவ்வளவு கூட்டினாலும் மேலே ஏறாது. இந்த ஊர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உயரம் கூடக்கூடக் காற்றழுத்தம் குறையும். அழுத்தம் குறைந்தால் தண்ணீர் சீக்கிரமே கொதித்துவிடும். ஏறத்தாழ 300 மீட்டருக்கு ஒரு டிகிரி என்பது கணக்கு.

ஒரு பள்ளியில் ஆசிரியர் முன்னால் நின்று இதைச் செய்து காட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். முன்வரிசைப் பெண் எழுந்து, “மிஸ், 97தான் காட்டுது” என்கிறாள். “தெர்மாமீட்டர் பழசு, நீ நூறுன்னு எழுதிக்கோ” என்று ஆசிரியர் சொல்லிவிட்டால் பாடம் அங்கேயே முடிந்துவிடும். பரிசோதனையும் நடந்துவிட்டது, குறிப்பேட்டிலும் சரியான விடை ஏறிவிட்டது. ஆனால் கண்ணால் பார்த்ததைவிடப் புத்தகத்தில் இருப்பதே உண்மை என்பதைத்தான் அந்தப் பெண் அன்று கற்றுக்கொண்டிருப்பாள்.

“அப்படியா? இன்னொரு தெர்மாமீட்டர் வெச்சுப் பார்ப்போமா?” என்று அதே ஆசிரியர் கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? இரண்டாவதும் 97 காட்டும். இரண்டும் பழுதாக இருந்தால்? உருகிக்கொண்டிருக்கும் பனிக்கட்டியில் வைத்துப் பார்க்கலாம். அங்கே பூஜ்யம் காட்டினால் கருவியை ஓரளவு நம்பலாம். வகுப்பில் யாருக்காவது சென்னையில் அத்தையோ மாமாவோ இருப்பார்கள். அவர்கள் வீட்டில் அளந்து சொன்னால் நூறை ஒட்டி வரும். ஊட்டிக்குப் போகும் குடும்பம் அங்கே அளந்தால் 92, 93-தான் வரும். அப்புறம் பருப்பு வேக ஏன் நேரமாகிறது, குக்கரின் மூடியை ஏன் அவ்வளவு இறுக்கமாகச் செய்திருக்கிறார்கள் என்றெல்லாம் கேள்விகள் தாமாகவே வரிசைகட்டும். செலவு என்று பார்த்தால் இன்னொரு வெப்பமானிதான். ஆசிரியர் கூடுதலாகத் தரவேண்டியது கொஞ்சம் நேரமும் கொஞ்சம் துணிச்சலும்.

ஆய்வு வழிக் கற்றல் என்று கல்வித் துறையினர் சொல்வதன் உயிர்நாடி இங்கேதான் இருக்கிறது. கருவிப் பெட்டி, ஆய்வுக்கூடம், ‘ஸ்டெம்’ பெயர்ப்பலகை எல்லாம் அதற்கு அப்புறம். குழந்தை கண்டதும் புத்தகம் சொல்வதும் முட்டிக்கொள்ளும்போது ஆசிரியர் எந்தப் பக்கம் நிற்கிறார், நிற்பதற்கு அவரை விடுகிறார்களா என்பதே முதல் கேள்வி.

நிழலைப் பிடித்து வைக்கலாம்

கொதிநீர் பெரிய வகுப்புக்கு, அதுவும் ஆசிரியர் கையில் மட்டும். மூன்றாம் வகுப்புக் குழந்தைகளுக்கு ஒரு குச்சி போதும். ஒரு மீட்டர் நீளக் குச்சியைப் பள்ளி முற்றத்தில் செங்குத்தாக நட்டு, பகல் 12 மணி முதல் 12.40 வரை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிழலின் நுனியில் சாக்பீஸால் புள்ளி வைக்கச் சொல்லலாம்.

பகல் 12 மணிக்கு நிழல் காலடியில் விழும் என்றுதான் எல்லோரும் சொல்லித் தருகிறோம். குழந்தைகள் வைத்த புள்ளிகள் வேறு ஒன்றைச் சொல்லும். நிழல் மிகக் குறுகுவது 12 மணிக்கு இல்லை. நாளைப் பொறுத்து 12.03-லிருந்து 12.34 வரை அந்த நேரம் மாறும். நம் கடிகாரம் கிழக்கே 82.5 டிகிரி தீர்க்கரேகையை வைத்து ஓடுகிறது. பெங்களூர் இருப்பதோ 77.6-இல். சூரியன் இங்கே உச்சிக்கு வர சராசரியாக 20 நிமிடம் தாமதமாகிறது. இந்தக் காரணம் மூன்றாம் வகுப்புக்குத் தேவையே இல்லை. ‘12 மணிக்கு இல்லை’ என்று அவர்களாகவே கண்டுபிடித்தால் அன்றைக்கு அது போதும். காரணம் ஏழாம் வகுப்பில் வரட்டும். கேட்டவுடன் காரணத்தைச் சொல்லி முடித்துவிடும் அவசரம்தான் நம் வகுப்பறைகளின் பெரிய கேடு என்று நினைக்கிறேன்.

இதை மாதம் ஒருமுறை செய்தால் இன்னும் சுவையான சேதி கிடைக்கும். டிசம்பர் கடைசியில் அந்த ஒரு மீட்டர் குச்சியின் உச்சி நிழல் 74 சென்டிமீட்டர் நீளத்துக்கு வடக்கே விழும். ஜூன் 21 வாக்கில் பார்த்தால் வெறும் 18 சென்டிமீட்டர். அதுவும் தெற்குப் பக்கம்! நிழல் பக்கம் மாறிவிட்டது என்று கண்டுபிடிக்கும் குழந்தை அதை வாழ்நாளில் மறக்காது. வடக்கிலிருந்து தெற்குக்கு மாறிய நிழல் நடுவில் ஒரு நாளாவது இல்லாமலே போயிருக்க வேண்டுமே என்று யாராவது ஒருத்தர் கேட்டுவிட்டால், அந்த வகுப்பில் அறிவியல் தொடங்கிவிட்டது என்று பொருள்.

அப்படிப்பட்ட நாட்கள் உண்டு. பெங்களூரில் ஏப்ரல் 24, 25 வாக்கிலும் ஆகஸ்ட் 18 வாக்கிலும் உச்சி நேரத்தில் செங்குத்தான எந்தப் பொருளுக்கும் நிழல் இருக்காது. சென்னையும் கிட்டத்தட்ட இதே அட்சரேகையில் இருப்பதால் அங்கேயும் ஏறத்தாழ அதே நாட்கள்தான். ‘நிழலில்லா நாள்’ என்று தமிழ்நாட்டில் அறிவியல் இயக்கத்தினர் இதைக் கொண்டாடுகிறார்கள். சிக்கல் என்னவென்றால், ஏப்ரலில் கர்நாடகப் பள்ளிகளுக்குக் கோடை விடுமுறை. ஆகஸ்டில் பெங்களூர் வானம் பெரும்பாலும் மூடிக்கிடக்கும். அதனால் அந்த ஒரு நாளுக்காகக் காத்திருப்பதைவிட ஆண்டு முழுவதும் குச்சியை அளப்பதே நல்லது. மேகம் மறைத்த நாளில் நிழல் எவ்வளவு இருந்திருக்கும் என்று முன்பின் அளவுகளை வைத்துக் குழந்தைகள் கணிப்பார்கள். அதுவும் நல்ல பாடம்தான்.

இதே கவனிப்பைக் கவிபுரத்துக் குகைக் கோயிலுக்கும் கொண்டுபோகலாம். கவி கங்காதரேஸ்வரர் கோயிலில் மகர சங்கராந்தி மாலையில் சூரிய ஒளி நந்தியின் கொம்புகளுக்கிடையே புகுந்து லிங்கத்தின் மீது விழுவதைக் காண ஆண்டுதோறும் கூட்டம் கூடும். ஜனவரி 14 அன்று சூரியன் நிற்கும் அதே சாய்வுக்கு நவம்பர் கடைசியிலும் வந்து போகிறது. அப்படியானால் அப்போதும் ஒளி விழ வேண்டும் அல்லவா? விழுகிறது. ஜவஹர்லால் நேரு கோளரங்கத்தைச் சேர்ந்தவர்கள் இந்தக் கோயிலின் அமைப்பை ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். குச்சி நிழலை அளந்த குழந்தைக்கு அது எளிதில் புரியும். சங்கராந்திக் கூட்டத்தில் நிற்கும்போது அவளுக்கு வியப்பு கூடுமே தவிரக் குறையாது.

ஓஷங்காபாத்தில் நடந்தது

இதெல்லாம் வசதியான பள்ளிகளுக்குத்தான் ஆகும் என்பவர்களுக்கு இந்தியாவே ஒரு பதில் வைத்திருக்கிறது. 1972-இல் மத்தியப் பிரதேசத்தின் ஓஷங்காபாத் மாவட்டத்தில் 16 அரசு நடுநிலைப் பள்ளிகளில் ஒரு முயற்சி தொடங்கியது. கிஷோர் பாரதி, ரசூலியாவின் ஃப்ரெண்ட்ஸ் ரூரல் சென்டர் என்ற இரண்டு தன்னார்வ அமைப்புகள் முன்னெடுத்தன. டாடா அடிப்படை ஆய்வு நிறுவனத்திலிருந்தும் டெல்லிப் பல்கலைக்கழகத்திலிருந்தும் விஞ்ஞானிகள் கிராமத்துக்கு வந்து ஆசிரியர்களோடு உட்கார்ந்து பாடம் எழுதினார்கள். 1978-இல் அது மாவட்டம் முழுவதற்கும் விரிந்தது. 1982-இல் அதைத் தாங்கிப் பிடிக்க ‘ஏகலவ்யா’ பிறந்தது.

அவர்களின் ‘பால வைக்ஞானிக்’ பாடநூலைத் திறந்தால் விடைகளைவிடக் கேள்விகளும் வெற்று அட்டவணைகளுமே அதிகம். அளந்து எழுதினால்தான் பாடம் நிறையும். ‘சவாலிராம்’ என்ற கற்பனை மனிதருக்குக் குழந்தைகள் தங்கள் சந்தேகங்களை எழுதிப் போடுவார்கள், பதில் வரும். டெல்கோவில் பொறியாளராக இருந்த அரவிந்த் குப்தா அங்கே போய்த்தான் தீக்குச்சியையும் சைக்கிள் வால்வ் ட்யூபையும் வைத்து மாதிரிகள் செய்யத் தொடங்கினார். இன்று நாடெங்கும் ஆசிரியர்கள் செய்யும் எத்தனையோ எளிய பொம்மைகளுக்கு மூலம் அதுதான்.

அங்கே செய்ததில் மிகப் பெரிய காரியம் தேர்வை மாற்றியது. புத்தகத்தையும் தன் குறிப்பேட்டையும் வைத்துக்கொண்டே மாணவர் தேர்வு எழுதலாம்; செய்முறைத் தேர்வும் உண்டு. மனப்பாடத்துக்கு மதிப்பெண் இல்லை என்றதும் மனப்பாடம் செய்யும் அவசியமே போய்விட்டது. ஆசிரியர்கள் மாதம் ஒருமுறை கூடி, எந்தச் சோதனை சரியாக வரவில்லை, எந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் திணறினோம் என்று பேசிக்கொண்டார்கள். முப்பது ஆண்டுகள் நடந்து, ஏறத்தாழ ஆயிரம் பள்ளிகளை எட்டிய பிறகு, 2002-இல் மாநில அரசு அதை நிறுத்தியது. இன்றைக்கும் அந்த முடிவை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. கிராமத்து அரசுப் பள்ளியில் முடியும் என்று மெய்ப்பித்துக் காட்டிய ஒன்றை ஓர் உத்தரவில் கலைத்துவிட்டார்கள்.

பிரான்சில் இதற்கு நேர்மாறாக நடந்தது. 1992-இல் இயற்பியல் நோபல் பெற்ற ஜார்ஜ் ஷார்பாக், சிகாகோவின் ஏழைப் பகுதிப் பள்ளிகளில் லியோன் லெடர்மன் நடத்திய அறிவியல் வகுப்புகளைப் பார்த்துவிட்டு வந்து, 1996-இல் தன் நாட்டுத் தொடக்கப் பள்ளிகளில் ‘லா மேன் அ லா பாத்’ திட்டத்தைத் தொடங்கினார். அறிவியல் அகாடமியே பின்னால் நின்றது. அதில் என்னை ஈர்ப்பது குழந்தையின் சோதனைக் குறிப்பேடு. என்ன நடக்கும் என்று நினைத்தேன், என்ன நடந்தது, ஏன் என்று இப்போது நினைக்கிறேன்—எல்லாம் குழந்தையின் சொந்தச் சொற்களில், சொந்தப் படங்களில்.

ஊரிலேயே இருக்கிறது எல்லாம்

கேள்வி கேட்பது பெங்களூருக்குப் புதிதல்ல. திருவானைக்காவலில் பிறந்த சி.வி. ராமன் 1933 முதல் 1970-இல் மறையும்வரை வாழ்ந்த ஊர் இது. கடலின் நீலம் வானத்தின் பிரதிபலிப்பு மட்டுமே என்று ராலே பிரபு சொன்னதை அவர் அப்படியே ஏற்கவில்லை. 1921-இல் கப்பல் பயணத்தில் ஒரு நிக்கோல் பட்டகத்தைக் கண்ணில் வைத்து, பிரதிபலித்த ஒளியை விலக்கிவிட்டுப் பார்த்தார். நீலம் அப்போதும் இருந்தது. பசவனகுடி நேஷனல் கல்லூரியின் எச். நரசிம்மையா 1962-இல் பெங்களூர் சயின்ஸ் ஃபோரத்தைத் தொடங்கியவர். பெங்களூர் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்தபோது 1976-இல் அற்புதங்களை ஆராயக் குழு அமைத்து நாடெங்கும் விவாதத்தைக் கிளப்பினார். கேட்டுப் பார்க்காமல் எதையும் ஏற்காதே என்று கடைசிவரை மாணவர்களிடம் சொல்லிக்கொண்டே இருந்தவர் அவர்.

ராமன் பெயரால் பிப்ரவரி 28, தேசிய அறிவியல் நாள் அன்று நம் பள்ளிகளில் நடப்பதைப் பார்த்தால்தான் மனம் கனக்கிறது. தெர்மோகோல் எரிமலை, கடையில் வாங்கிய சார்ட், அப்பா அம்மா விழித்திருந்து ஒட்டிய சூரியக் குடும்பம், மனப்பாடம் செய்த ஆங்கில விளக்கம். இதில் குழந்தை எதையும் கண்டுபிடிக்கவில்லை. கண்டுபிடித்ததுபோல் நிற்க வைக்கப்படுகிறது.

நல்ல காரியங்களும் நடக்கின்றன. 1999-இல் ராம்ஜி ராகவன் தொடங்கிய அகஸ்தியா அறக்கட்டளை பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்டது. தமிழ்நாடு, கர்நாடக எல்லைகளை ஒட்டிய ஆந்திராவின் குப்பம் ஊரில் 172 ஏக்கர் வளாகத்தில் குழந்தைகள் வந்து செய்து பார்க்கிறார்கள். வேனிலும் பைக்கிலும் ஆய்வுக்கூடம் அரசுப் பள்ளிகளுக்குப் போகிறது. ஆனால் வேன் வந்த நாளின் உற்சாகம் மறுநாள் வகுப்பிலும் நீடிக்க வேண்டுமானால் பள்ளியின் சொந்த ஆசிரியர் அதை எடுத்துக்கொண்டாக வேண்டும்.

மரத்தைக் கவனிக்கும் ‘சீசன்வாட்ச்’ எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு மாணவர் ஒரு மரத்தைத் தேர்ந்தெடுத்து வாரம் ஒருமுறை பார்க்க வேண்டும்: துளிர் உண்டா, மொட்டு உண்டா, பூ, காய், பழம்? பள்ளி வாசலில் ஒரு புங்கமோ வேம்போ போதும். போன ஆண்டு எப்போது துளிர்த்தது, இந்த ஆண்டு எப்போது என்று இரண்டாம் ஆண்டில் ஒப்பிடத் தொடங்கும்போது அந்தக் குறிப்பேட்டின் மதிப்பு தெரியும். குழந்தைகள் எழுதியனுப்பும் இந்தத் தகவல்களை விஞ்ஞானிகளும் பயன்படுத்துகிறார்கள்.

கர்நாடக அரசுப் பள்ளிகளின் ‘நலி கலி’ வகுப்பறையும் இதற்கு ஏற்ற இடம். 1995-இல் மைசூரு மாவட்டத்தின் எச்.டி. கோட்டேயில் ரிஷி வேலி முறையைப் பார்த்துவிட்டு வந்த ஆசிரியர்கள் தொடங்கியது அது. தமிழ்நாட்டின் செயல்வழிக் கற்றலுக்கும் அதே வேர். குழந்தைகள் ஏற்கெனவே குழுவாகத் தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். நடுவில் ஒரு வாளித் தண்ணீரையும் இரண்டு ஆரஞ்சுப் பழங்களையும் வைத்தால் போதும். தோலோடு போட்டால் மிதக்கும்; உரித்துப் போட்டால் மூழ்கும். கனமானது மூழ்கும் என்று அடித்துச் சொன்னவர்கள் அத்தனை பேரும் எடை குறைந்த பழம் மூழ்குவதைப் பார்த்துத் திகைப்பார்கள். அந்தத் திகைப்பை உடனே தீர்த்துவைக்காமல் ஒரு நாள் விட்டுவைக்க ஆசிரியருக்குப் பொறுமை வேண்டும்.

எந்த மொழியில் கேட்பது?

அல்சூரிலோ ஸ்ரீராமபுரத்திலோ ஒரு வகுப்பில் 35 குழந்தைகள் இருந்தால் வீட்டில் தமிழ், கன்னடம், தெலுங்கு, உருது பேசுகிறவர்கள் கலந்துதான் இருப்பார்கள். பாடமோ கன்னடத்தில், அல்லது 2019-க்குப் பிறகு பெருகிவரும் ஆங்கில வழிப் பிரிவுகளில் ஆங்கிலத்தில். ‘விடை என்ன’ என்ற கேள்விக்கு இரவல் மொழியில் ஒற்றைச் சொல் பதில் சொல்லிவிடலாம். ‘ஏன் அப்படி நினைக்கிறாய்’ என்றால் முடியாது. அதற்குத் தடுமாறி, திருத்தி, கையை ஆட்டிப் பேச வேண்டும். குழந்தை அப்படிப் பேசுவது வீட்டு மொழியில்தான். ஆங்கிலத்தில்தான் பேச வேண்டும் என்று அபராதம் போடும் பள்ளியில் ஆய்வு வழிக் கற்றல் என்று விளம்பரம் செய்வதில் பொருளே இல்லை. குழுவுக்குள் எந்த மொழியிலும் பேசட்டும், குறிப்பேட்டில் படம் வரையட்டும், பிறகு எல்லோருக்கும் பொதுவான மொழியில் சொல்லட்டும். ஆசிரியருக்கு ஒரு மொழி புரியாவிட்டால் பக்கத்துக் குழந்தை சொல்லிவிடும்.

எதிர்த்தரப்பு சொல்வதில் நியாயம் உண்டு

ஆய்வு வழிக் கற்றல் என்ற பெயரில் குழந்தைகளைச் சும்மா விட்டுவிட்டால் ஒன்றும் நடக்காது. 2006-இல் கிர்ஷ்னர், ஸ்வெல்லர், கிளார்க் மூவரும் எழுதிய கட்டுரை இதைக் கடுமையாகவே சொன்னது: முன்னறிவு இல்லாதவர்களுக்கு வழிகாட்டல் குறைந்தால் கற்றலும் குறையும். 2004-இல் கிளாரும் நிகாமும் மூன்றாம், நான்காம் வகுப்புக் குழந்தைகளிடம் செய்த ஆய்வில், ஒரு சோதனையில் ஒன்றை மட்டும் மாற்றி மற்றவற்றை அப்படியே வைக்க வேண்டும் என்பதைத் தாமாகக் கண்டுபிடிக்க விட்டதைவிட நேரடியாகச் சொல்லித் தந்தபோதுதான் அதிகமானவர்கள் கற்றுக்கொண்டார்கள்.

இதை நான் ஏற்கிறேன். எப்படி அளப்பது, எப்படி ஒப்பிடுவது, எப்படிக் குறித்துவைப்பது என்பதையெல்லாம் ஆசிரியர் தெளிவாகச் சொல்லித் தரத்தான் வேண்டும். ஆனால் சொல்லித் தருவது மட்டுமே போதும் என்பதற்கும் எதிர்ச்சான்று இருக்கிறது. ஹார்வர்டிலும் எம்.ஐ.டி.யிலும் பட்டம் பெற்றவர்களிடம் ஒரு பேட்டரி செல், ஒரு சின்ன பல்ப், ஒரு ஒயர் கொடுத்து எரியவைக்கச் சொல்லும் காட்சிகள் 1997-இல் வந்த ஓர் ஆவணப்படத்தில் உள்ளன. பலரால் முடியவில்லை. பல்பை அடிமுனை, பக்கவாட்டு உலோகம் என இரண்டு இடத்தில் தொட வேண்டும். மின்சுற்றுக்கான சமன்பாடுகளை எழுதியவர்களுக்கு அது கைவரவில்லை. நம் நான்காம் வகுப்புக் குழந்தைகளிடம் கொடுத்தால் அரை மணி நேரத்தில் யாராவது எரியவைத்துவிடுவார்கள். மற்றவர்கள் எட்டிப் பார்த்துக் கற்றுக்கொள்வார்கள். எல்.இ.டி. வேண்டாம், அது ஒரு திசையில்தான் எரியும், ஒரு செல்லும் போதாது. பழைய டார்ச் பல்பை எஸ்.பி. ரோடு கடைகளில் கேட்டுப் பாருங்கள்.

ஆசிரியருக்கு நேரம் கொடுங்கள்

பெங்களூரில் வாழ்ந்து 2025-இல் மறைந்த கே. கஸ்தூரிரங்கன் தலைமையில் உருவான தேசியப் பாடத்திட்டச் சட்டகம் ஆய்வு வழிக் கற்றலை வலியுறுத்துகிறது. அதற்கு முன்பு யஷ்பால் தலைமையில் வந்த 2005 சட்டகமும் வலியுறுத்தியது. கொள்கைத் தாள்களில் குறையொன்றும் இல்லை. குறை, காலை 10 மணிக்கு வகுப்புக்குள் போகும் ஆசிரியரின் நாளில் இருக்கிறது. மதிய உணவுப் பதிவேடு, இணையத்தில் ஏற்ற வேண்டிய விவரங்கள், தேர்தல் பணி, கணக்கெடுப்பு. 2025 தசரா விடுமுறையில் கர்நாடக ஆசிரியர்கள் வீடு வீடாகச் சமூக, கல்விக் கணக்கெடுப்புக்குப் போனார்கள். இதற்கு நடுவே 40 நிமிடப் பாடவேளையில் நிழலை அளக்கச் சொன்னால் அவரும் என்னதான் செய்வார்?

மூன்று காரியங்கள் செய்தால் போதும் என்று நினைக்கிறேன். வாரம் ஒருமுறை இரண்டு பாடவேளைகளைச் சேர்த்து அறிவியலுக்கு ஒதுக்குவது. ஓஷங்காபாத்தில் செய்ததுபோல் மாதம் ஒருநாள் வட்டார ஆசிரியர்கள் உட்கார்ந்து சோதனைகளைத் தாங்களே செய்து பார்ப்பது. வினாத்தாளில் பாதி மதிப்பெண்ணையாவது பார்த்ததையும் அளந்ததையும் விளக்கும் கேள்விகளுக்குக் கொடுப்பது. மூன்றாவது நடக்காமல் முதல் இரண்டும் நிலைக்காது. தேர்வில் வராத எதையும் நம் பள்ளிகள் நீண்ட நாள் செய்ததில்லை.

பெற்றோரும் ஒன்று செய்யலாம். அடுத்த பெற்றோர் கூட்டத்தில் மதிப்பெண் பட்டியலோடு உங்கள் பிள்ளையின் சூழ்நிலையியல் நோட்டையும் பக்கத்துப் பிள்ளையின் நோட்டையும் வாங்கிப் பாருங்கள். இரண்டிலும் எழுத்துக்கு எழுத்து ஒரே வாக்கியங்கள் இருந்தால் அது கரும்பலகையிலிருந்து வந்தது. அதற்காக ஆசிரியரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். இந்தப் பாடங்களை எந்தத் தேதிக்குள் முடிக்கச் சொல்லி அவருக்கு உத்தரவு வந்திருக்கிறது என்று கேளுங்கள்; கிடைக்கும் பதிலோடு அடுத்து தலைமையாசிரியர் அறைக்கும், தேவைப்பட்டால் வட்டாரக் கல்வி அலுவலகத்துக்கும் போங்கள்.